நடுவில் இருந்த துண்டு

வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது.
போர்கர்ஹௌட்டில் மழை,
நனைக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று.
ஏழு மேசைகளில் ஆறு நிறைந்திருந்தன.
ஏழாவதில் ஓர் ஈரத் தொப்பி, அதன் பக்கத்தில் ஓர் ஆள்.

"அங்கே உட்கார், லீவே" என்றாள் யாம்னா.
"தஜின் ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேருக்குக் காணும்."
அவள் கடையில் அது யோசனை அல்ல, தீர்ப்பு.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.
காலையில், பத்தாம் எண் டிராமில்,
நான் நூற்றேழு யூரோ அபராதம் எழுதிய ஆள்.
"இயந்திரம் வேலை செய்யவில்லை அம்மா" என்றவர்.
எல்லோரும் சொல்வது அதைத்தான்.
அவர்களில் பாதிப் பேருக்கு அது உண்மை.
எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க
எனக்குச் சம்பளம் இல்லை.

சீருடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தேன்.
முகத்தை எங்கே திணிப்பது?

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியை மட்டும் மேசையிலிருந்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார், எனக்கு இடம்விட்டு.

வாசலில் யாரோ புதியவன், குடை சொட்டச் சொட்ட,
"இங்கே ஹலால்தானே? சான்றிதழ் இருக்கிறதா?" என்றான்.
யாம்னா கரண்டியால் மூலை மேசையைக் காட்டினாள்:
"அதோ, கறிக்கடை புஜெமா.
தன் கடை இறைச்சியைத் தானே காசு கொடுத்துத் தின்கிறார்.
அவரைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா?"
புஜெமா வாய் நிறைய ரொட்டியோடு
கை உயர்த்தி வணக்கம் வைத்தார்.
கடை முழுவதும் சிரித்தது.
என் எதிரே இருந்தவரும் சிரித்தார்.
சிரித்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.
பார்த்துவிட்டதை இருவரும் பார்த்தோம்.

மண்கூம்பைத் தூக்கினாள் யாம்னா.
ஆவி என் கண்ணாடியை மூடியது;
அரை நிமிடம் நான் குருடி, நிம்மதி.
இஞ்சி, குங்குமப்பூ, கருத்துப் பளபளக்கும் உலர்பழம்,
மேலே எள்,
நடுவில், எலும்பிலிருந்து நழுவக் காத்திருக்கும்
ஒரே ஒரு பெரிய ஆட்டிறைச்சித் துண்டு.

அவர் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் வைத்தார்.
பிஸ்மில்லா என்று உதடு அசைந்தது.
பிறகு அவர் பக்கத்தை அவர் தின்றார்,
என் பக்கத்தை நான்.
வரப்பு என்று ஒன்றுமில்லை.
ஆனாலும் ஒருவர் குழம்பு கூட
மற்றவர் நிலத்துக்குப் பாயவில்லை.
நான் கரண்டி கேட்கவில்லை. விரல் சுட்டது.
சுடட்டும் என்றிருந்தேன்.

ஓரங்கள் இரண்டும் தீர்ந்தன.
துண்டு தனித்து நின்றது.

அவர் ரொட்டித் துணுக்கால் அதை மெல்ல
என் பக்கம் தள்ளினார்.
நான் திருப்பித் தள்ளினேன்.
மறுபடி வந்தது.
"சாப்பிடுங்கள்" என்றார். "அபராதத்தை
நான் எப்படியும் கட்டப்போவதில்லை,
மேல்முறையீடு செய்திருக்கிறேன்.
இது வேறு கணக்கு."

என்ன சொல்வதென்று தெரியாமல்
பெயர் கேட்டேன். காலையில் நானே எழுதிய பெயர்.
"அஸூஸ்" என்றார். "நீங்கள் ஒரு எழுத்தைத்
தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.
வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்."

துண்டைத் தின்றேன்.
வேறென்ன செய்ய. நன்றாகவே இருந்தது,
வெட்கத்தோடு தின்றாலும் குறையாத ருசி.

புதினா தேநீரை யாம்னா அத்தனை உயரத்திலிருந்து ஊற்றினாள்,
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
காசை ஆளுக்குப் பாதி, சல்லி பிசகாமல் வைத்தோம்.

நிறுத்தத்தில் அதே மழை.
அதே பத்தாம் எண் வர நான்கு நிமிடம்.
கேட்காமலே பையில் துழாவி
அவர் பயணச்சீட்டை எடுத்து நீட்டினார்.
"நான் இப்போது வேலையில் இல்லை" என்றேன்.
"தெரியும்" என்றார்.
நீட்டிய கையை மடக்கவில்லை.
வாங்கிப் பார்த்தேன். செல்லும் சீட்டு.
விளிம்பில்
குழம்பு பட்ட என் பெருவிரல்.